பெஞ்சிலை இருக்கிறன்

ரெக்ஸ்டேல், ரொறொன்ரோ
14.09.1997

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கடை பிறஷர் குறைஞ்சிருக்கும் எண்டு நம்பி எழுதுறன். குறையாட்டிக் குளிசையைப் போட்டிட்டு மிச்சத்தை வாசியுங்கோ. அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர ஒரு குறையும் இல்லை. ரெண்டு வேலைக்கு ஓடுறதாலை அவவுக்குப் பேனை பிடிக்க நேரமில்லை. வீட்டுக் காயித இலாகா இப்ப என்ரை. போனிலை கதைச்சா உங்களுக்குக் காது கேக்காது, எனக்குத் தொண்டை கிழியும். அதாலை எழுத்துத்தான்.

சுத்தி வளைக்காமச் சொல்லுறன். யூனிவர்சிற்றியை விட்டிட்டன். முடிக்க ஒரு வருசம்தான் இருந்தது. தெரியும். எல்லாரும் சொல்லீட்டினம்.

மூண்டு வருசம் நான் அங்கை கூடைப்பந்திலை பெரிய ஆள். ஒரே ஆட்டத்திலை முப்பத்தொம்பது புள்ளி எடுத்தனான். பொம்பிளையளுக்குள்ளை அதுதான் றெக்கோட். பேப்பரிலை படம் வந்தது, வாய் ஆவெண்டு திறந்தபடி. இப்ப இஞ்சை ஏரியைச் சுத்தி ஆறு ஊரைச் சேத்துச் சம்பளத்துக்கு விளையாடுற பொம்பிளையளின்ரை லீக் ஒண்டு தொடங்கியிருக்கினம். ரொறொன்ரோ ரீம் என்னை எடுத்திட்டுது. முதலாளி பிறம்ரனிலை மெத்தை செய்யிறவர். அதாலை ரீமின்ரை பேர் ரொறொன்ரோ ஸ்பிரிங்ஸ். சிரிக்காதேங்கோ.

அன்புராசா அண்ணையைக் கேட்டதாச் சொல்லுங்கோ. பெரியம்மாவின்ரை படத்துக்கு என்ரை பேரிலையும் ஒரு பூ வையுங்கோ.

சாம்பவி

*

வெள்ளவத்தை
08.10.1997

பெறாமகள் சாம்பவிக்கு,

இறையருளால் உயிரோடிருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

நான் பருத்தித்துறை நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முதலியாராக இருந்தவன். நீதவான் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழிலும், சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும் பெயர்த்தவன். ஒரு சொல்லேனும் பிசகியதாக எவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நீ, அடியில்லாத கூடைக்குள் பந்து போடுவதற்காகப் பட்டப்படிப்பைக் கைவிட்டாய். போட்ட பந்து கீழே விழுந்துவிடும் என்பது உனக்குத் தெரியாதா? பிறகு எதற்காகத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள்?

என் மகன் அன்புராசா வேலைக்குப் போய் வருவதற்குள் மூன்று இடங்களில் அடையாள அட்டை காட்டுகிறான். சென்ற மாதமும் படையினரின் சுற்றிவளைப்பில் பிடித்துச் சென்று இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். படிக்க வழியில்லாமல் விட்டவன் அவன். வழியிருந்தும் விட்டவள் நீ.

உன் தாயின் முழங்காலுக்கு நொச்சியிலை ஒத்தடம் நல்லது. கனடாவில் நொச்சி உண்டா?

இப்படிக்கு,
சி. தியாகலிங்கம்
இளைப்பாறிய நீதிமன்ற முதலியார்

*

ரெக்ஸ்டேல்
09.11.1997

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கை மழை தொடங்கியிருக்கும். நெஞ்சை மூடிக்கொண்டு படுங்கோ. இஞ்சை ஆளுக்கொரு தடிமன், வேறை ஒண்டுமில்லை. நொச்சி கிடையாது. அம்மா பட்டாணியை ஐஸாக்கி முழங்காலிலை வைக்கிறா.

பந்து விளையாட்டைப் பற்றி நீங்கள் இனிக் கேக்கவேண்டாம். நானும் எழுதேல்லை. இப்ப என்ரை சீவியம் கோட்டிலைதான். போய் மூண்டாம் கிழமையே அன்ரனெற் என்னைப் பெஞ்சிலை இருத்திப்போட்டா. அன்ரனெற் ஆரெண்டால் எங்களுக்கு மேலை இருக்கிறவ, மொன்றியல்காரி. அவ சொன்னால் சொன்னதுதான், அப்பீல் இல்லை. பெஞ்சிலை இருக்கிறன். வலு திறமான இடம், எல்லாம் வடிவாத் தெரியும். இனி நான் எழும்புவன் எண்டு நினைக்கேல்லை.

இதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ.

அண்ணையைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ.

சாம்பவி

*

வெள்ளவத்தை
01.12.1997

என் அருமை மகள் சாம்பவிக்கு,

நீயும் உன் தாயும் நலமே இருக்க வேண்டும். நான் நலமோ என்று கேட்காதே. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு எழுபது வயது என்பதே மறந்துவிட்டது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பின் எழுந்து நின்று ஒருமுறை படித்தேன். நம் குடும்பத்தில் நீதவானின் ஆசனத்துக்குக் கீழே நின்று மொழிபெயர்த்தவன் நான் ஒருவன். ஆசனத்தில் அமர்ந்தவள் நீ ஒருத்தி. சட்டம் படியாமல் எப்படி என்று அன்புராசா கேட்டான். அறியாதவன். இங்கும் சட்டம் படியாதவர்களைச் சமாதான நீதவானாக நியமிக்கிறார்களே? அடுத்த ஒழுங்கையிலுள்ள நண்பர் நீக்கிலாப்பிள்ளை சமாதான நீதவான்தான், சீமெந்து வியாபாரி. இருபத்தொரு வயதுப் பெண்ணைப் பெஞ்சில் இருத்திய கனடாவை என்னென்பது!

சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பதவிக்குரிய அடக்கம். ஆகவே நீக்கிலாப்பிள்ளைக்கு மட்டும் சொன்னேன். அவர் ஒழுங்கைக்குச் சொன்னார்.

அங்கே நீதவான்களின் அங்கி கறுப்பா? தவறு செய்தவர்களை எப்படி நடத்துகிறீர்கள்? விபரமாக எழுது.

உன் வாயாடித்தனத்தை ஆசனத்தில் காட்டாதே.

அன்புடன்,
பெரியப்பா

*

ரெக்ஸ்டேல்
04.01.1998

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

புதுவருச வாழ்த்து. இஞ்சை வெளியிலை மூக்கை நீட்டினால் மூக்கு மிச்சமில்லை. உங்கை வேர்க்கும். பாதியைப் பரிமாறலாமெண்டால் வழியில்லை.

உங்கடை காயிதத்தைச் சப்வேயிலை வாசிச்சன். இறங்கவேண்டிய இடத்தை விட்டிட்டன். என்னத்தை எழுதுறதெண்டு ரெண்டு கிழமையா யோசிச்சு, இப்ப கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுறன்.

உடுப்புக் கறுப்பில்லை. பச்சை. கை இல்லை. முதுகிலை இலக்கம் இருக்கு, எனக்கு நாப்பத்திநாலு.

பிழை விட்டால் உடனை அனுப்பமாட்டினம். ஒருத்தர் ஐஞ்சு பிழை விடலாம். ஐஞ்சாவதுக்குத்தான் வெளியாலை. போகேக்கை சனம் கைதட்டும்.

நான் வாய் திறக்கிறேல்லை. எனக்குப் பக்கத்திலை இன்னும் மூண்டு பேர் இருக்கினம், அவையும் அப்பிடித்தான். நடக்கிறதைப் பாத்துக்கொண்டு இருப்பம். நேரம் முடிய எழும்பி எல்லாருக்கும் கை குடுத்திட்டு வருவம்.

பெரியப்பா, யூனிவர்சிற்றியிலை நான் பனை. இஞ்சை வந்திருக்கிறவளவையோடை நிண்டால் கத்தரிக்கண்டு. அதை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ.

அம்மா உங்களை உப்பைக் குறைக்கட்டாம். அண்ணைக்கு இனிப் பிடிபடாமல் இருக்கக் கும்பிடுறன்.

சாம்பவி

*

வெள்ளவத்தை
30.01.1998

அருமை மகள் சாம்பவிக்கு,

உப்பைக் குறைத்தேன். சுவையும் குறைந்தது. மற்றபடி சுகம்.

பெயரில்லாமல் இலக்கத்தோடு அமரும் நீதவான்கள்! பக்கச்சார்பின்மைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு உண்டா? நீக்கிலாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். தனக்கு ஓர் இலக்கம் கிடைக்காதா என்று கேட்டார். உயரத்தைக் கத்தரிக்கன்று என்று எழுதிய உன் பணிவு கண்டு கண்ணீர் வந்தது. ஆனால் என் நெஞ்சைத் தொட்டது அந்த ஐந்து பிழை. இங்கே ஒரு பிழையும் செய்யாதவனை இம்மாதம் மறுபடியும் பிடித்தார்கள். அன்புராசா திரும்பி வந்தபோது இடது காதால் கேட்கவில்லை. எங்கே அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஐந்து பிழை வரை பொறுக்கும் நாடு ஒன்று இருக்கும்போது அவனை ஏன் இங்கே வைத்திருக்கிறேன் என்று யோசிக்கிறேன்.

மகிழ்ச்சியான விடயமும் ஒன்றுண்டு. கொள்ளுப்பிட்டியில் ஒரு சட்டத்தரணி, முப்பது வயது. உன் பதவியைக் கேட்டதும் சாதகம் கேட்டார்கள். "நீதவானை நான் எதிர்த்துப் பேசமாட்டேன்" என்று மாப்பிள்ளை நகைச்சுவையாகச் சொன்னாராம். உன் படமொன்று அனுப்பு. அங்கியோடு.

உன் தாயின் முழங்காலைக் கவனி.

அன்புடன்,
பெரியப்பா

*

ரெக்ஸ்டேல்
08.03.1998

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அண்ணையின்ரை காதைப் பற்றிக் கேட்டு அம்மா ஒரு நாள் சாப்பிடேல்லை. டொக்டரிட்டைக் காட்டுங்கோ. நீங்களும் காட்டுங்கோ, ஒரே போக்கிலை ரெண்டு காது.

மாப்பிள்ளை வேண்டாம். கோட்டுக்காரர் சரிவராது. அங்கியோடை படமும் வேண்டாம். அந்த உடுப்போடை படம் அனுப்பினால் சம்பந்தம் தானா நிக்கும்.

நான் பெஞ்சை விட்டு எழும்பீட்டன். எழும்பினதில்லை, பெஞ்சையே எடுத்திட்டினம். முதலாளி போன கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, "பிள்ளையள், ஆட்டம் பாக்கச் சனம் வருகுதில்லை, இனி மெத்தை மட்டும்தான்" எண்டிட்டார். அன்ரனெற் அழுதவ. நான் அழேல்லை. எனக்கு அவரின்ரை ஸ்ரோரிலை வேலை கேட்டன், தந்திட்டார்.

இன்னுமொண்டு சொல்லவேணும் பெரியப்பா. கன நாளாச் சொல்லவேணும். உங்களிலை பிழையில்லை. நான் எழுதினது என்னெண்டால்

அம்மா வேலையாலை வந்திட்டா. பிறகு எழுதுறன். உப்புக் கவனம்.

சாம்பவி

*

வெள்ளவத்தை
02.04.1998

அருமை மகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை, நலமாய் இரு.

உன் கடைசிக் கடிதம் முழுதாக விளங்கவில்லை. ஆசனத்தை விட்டு எழுந்ததாக எழுதியிருக்கிறாய். இடமாற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன். மெத்தை பற்றிய பகுதியை நீக்கிலாப்பிள்ளையும் நானும் சேர்ந்து படித்தோம். புதிய ஆசனத்துக்கு மெத்தை போடுகிறார்களாக்கும் என்றார்.

அன்புராசா நேற்றிரவு புறப்பட்டுவிட்டான். எந்த வழியாக வருகிறான் என்று எனக்கே சொல்லவில்லை. ரொறொன்ரோவில் இறங்கியதும் அகதி என்று சொல்லச் சொன்னேன். என்ன கேட்டாலும் முதலில் உன் பெயரைச் சொல்லும்படியும், என் தங்கை இந்த ஊரில் நீதவான், அவளைக் கேளுங்கள் என்று சொல்லும்படியும் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்வித்தேன். நன்றாகச் சொல்கிறான்.

என் ஒரே பிள்ளையை உன்னை நம்பி அனுப்புகிறேன்.

பெரியப்பா

*

ரெக்ஸ்டேல்
19.04.1998

பெரியப்பாவுக்கு,

அண்ணை வந்து சேர்ந்திட்டார். எங்கடை சோபாவிலை படுத்திருக்கிறார். அதை முதல் எழுதுறன், மிச்சத்தை நீங்கள் ஆறுதலாய் வாசிக்கலாம்.

எயாப்போட்டிலை இருந்து போன் வரேக்கை நான் ஒஷாவாவிலை ஒரு வீட்டு மாடிப்படியிலை, ஏத்திக்கொண்டிருந்த மெத்தைக்குக் கீழை நிண்டனான். "நீதவான் சாம்பவியோடை கதைக்கலாமோ?" எண்டு ஒரு ஒபிசர் கேட்டாராம். அம்மா பிழையான நம்பர் எண்டு வைச்சிட்டா. ரெண்டாந்தரம் அண்ணையின்ரை குரல் கேட்டுத்தான் எனக்குப் போன் அடிச்சவ.

வேலை உடுப்போடை ஓடினன். மேலை ரீம் ஜக்கெற், முதுகிலை ஸ்பிரிங்ஸ். ஒபிசர் என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

"நீர் ஜட்ஜோ?"

"இல்லை."

"இவர் பதினொரு தரம் சொல்லீட்டார்."

"நான் கூடைப்பந்து விளையாடினனான். பெஞ்சிலை இருந்தனான்."

அவர் பேனையைக் கீழை வைச்சார். அண்ணை எனக்குப் பக்கத்திலை நிண்டு, "அடக்கமடி உனக்கு, சொல்லடி" எண்டு தமிழிலை நுள்ளுறார்.

பெரியப்பா, இப்ப சொல்லுறன். நான் நீதவானில்லை. ஒரு நாளும் இல்லை. கூடைப்பந்து விளையாடுற இடத்துக்கும் கோட் எண்டுதான் பேர். விளையாட விடாத ஆக்களை இருத்திவைக்கிற இடம்தான் பெஞ்ச். அன்ரனெற் என்ரை கோச். நான் விளையாட்டிலை சரிவரேல்லை, அதைச் சொல்ல வெக்கம், அதாலை நக்கலா எழுதினன். நீங்கள் சந்தோசப்பட்டியள். நான் பேசாமல் இருந்திட்டன்.

ஒபிசர் ஒரு வரி எழுதிப்போட்டார்: உறவினர் நீதிபதி எண்டு பொய் சொன்னவர். எங்கடை லோயர் சொல்லுறார், தள்ளுறதுக்கு அந்த ஒரு வரி காணுமாம். முதல் நாளே பொய் சொன்னவன் காதைப் பற்றிச் சொல்லுறதும் பொய்யெண்டு தள்ளிப்போடுவினமாம். தள்ளினால் திருப்பி அனுப்புவினம்.

நவம்பரிலை நான் எழுதின காயிதம் உங்களிட்டை இருக்கோ? அதை அனுப்புங்கோ. அதோடை, நீங்கள் பிழையா விளங்கினது எண்டு ஒரு சத்தியக் கடதாசி வேணும். அண்ணை பொய் சொல்லேல்லை, நீங்கள் சொன்னதைத்தான் சொன்னவர் எண்டு.

என்னைப் பேசவேணுமெண்டால் பேசுங்கோ. கடதாசியை முதல் அனுப்பிப்போட்டுப் பேசுங்கோ.

சாம்பவி

*

ரெக்ஸ்டேல்
21.06.1998

பெரியப்பாவுக்கு,

ரெண்டு மாசமாப் பதில் இல்லை. அயல் வீட்டுக்குப் போன் பண்ணினம். நீங்கள் சுகமா இருக்கிறியளாம், ஆனால் வெளியிலை வாறேல்லையாம். பின்னேர நடையும் இல்லையாம்.

எனக்கு விளங்குது. முப்பத்திரண்டு வருசம் ஒரு சொல்லுப் பிசகாதவர், பிசகீட்டன் எண்டு கையெழுத்து வைக்கவேணும். அதுவும் நீங்கள் பெருமையாச் சொல்லித் திரிஞ்ச ஒழுங்கையிலை. நானெண்டாலும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருப்பன். நான் ஆறு மாசம் அப்பிடித்தான் இருந்தனான், கதவு மட்டும் பூட்டேல்லை.

விசாரணை ஒக்ரோபர் ஒன்பது. அண்ணை வலப்பக்கம் திரும்பிப் படுக்கிறார், நல்ல காது தலைகாணியிலை அமத்துப்படும், ஒரு சத்தமும் வராது எண்டு. அம்மா அவருக்கு இடியப்பம் அவிச்சே தேஞ்சுபோனா.

உங்கடை சுகத்துக்கு ஒரு வரி எழுதுங்கோ. என்னோடை கோவமெண்டால் அம்மாவுக்கு எழுதுங்கோ. ஆனால் அனுப்புங்கோ.

சாம்பவி

*

வெள்ளவத்தை
20.07.1998

பெறாமகள் சாம்பவிக்கு,

உடல்நலம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நீ கேட்ட கடிதமும் என் சத்தியக் கடதாசியும் இத்துடன் உள்ளன. சத்தியக் கடதாசியை ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் உறுதிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். இந்தச் சுற்றாடலில் இருக்கும் ஒரே சமாதான நீதவான் நீக்கிலாப்பிள்ளை. அதனால்தான் மூன்று மாதம் பிடித்தது.

அவர் வாசித்தார். "அப்ப அந்த இலக்கம்?" என்றார். சட்டையின் இலக்கம் என்றேன். "அந்த ஐஞ்சு பிழை?" பந்தாட்டப் பிழை என்றேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்த கையோடு முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். சட்டப்படி செல்லும். விசாரித்துக்கொண்டேன்.

அதில் எழுதியிருப்பது இது: "இளைப்பாறிய நீதிமன்ற முதலியாராகிய நான், என் பெறாமகளின் கடிதத்தில் கண்ட 'பெஞ்ச்' என்னும் சொல்லைப் பிழையாகப் பொருள்கொண்டேன் என்றும், அப்பிழையையே உண்மையென என் மகனுக்குச் சொல்லி அனுப்பினேன் என்றும், பிழை முழுதும் என்னுடையது என்றும் சத்தியம் செய்கிறேன்."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் என் கையால் எழுதிய மிகச் சிறிய ஆவணம். எழுத மிக நீண்ட நேரம் எடுத்தது.

சட்டத்தரணி மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

என் பிள்ளையைப் பார்த்துக்கொள்.

சி. தியாகலிங்கம்

*

ரெக்ஸ்டேல்
11.10.1998

என்ரை பெரியப்பாவுக்கு,

வெண்டிட்டம். அண்ணை நிக்கலாம். நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ, இனி விபரம்.

ரெண்டு பேர் விசாரிச்சவை, ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. மொழிபெயர்க்க எமில்டா அன்ரி எண்டு ஒருவ, யாழ்ப்பாணம்தான். நான் சாட்சி. பைபிளிலை கை வைக்கிறீரோ எண்டு கேட்டிச்சினம், இல்லையெண்டன், சும்மா சத்தியம் பண்ணினன். லோயர் லீக்கின்ரை கணக்குத் தாளை நீட்டினார்.

அந்தம்மா கேட்டா: "பதினாலு ஆட்டம். எத்தினை நிமிசம் விளையாடினனீர்?"

"பதினொண்டு."

"ஒரு ஆட்டத்துக்கோ?"

"எல்லாம் சேத்து."

"எடுத்த புள்ளி எத்தினை?"

"ரெண்டு." சத்தியம் பண்ணியிருக்கிறன், என்ன செய்யிறது. "அதுவும் எங்கடை பக்கத்துக் கூடைக்குள்ளை போட்டது. மற்ற ரீமுக்குத்தான் சேர்ந்தது."

லோயர் இருமினார். பெரியப்பா, யூனிவர்சிற்றியிலை முப்பத்தொம்பது எடுத்தனான் எண்டு சொல்ல வாய் உன்னினது. ஒருத்தரும் கேக்கேல்லை.

"உம்மடை பெரியப்பாவை ஏன் திருத்தேல்லை?"

இதுக்கு நான் ஒண்டும் ஆயத்தம் பண்ணேல்லை. "அவர் எப்பவும் பெறாமகள் எண்டுதான் எழுதுவார். அந்தக் காயிதத்திலை மகள் எண்டு எழுதியிருந்தார்" எண்டன். பெறாமகள் எண்டால் பெத்த மகளில்லை, மகள் முறை எண்டு எமில்டா அன்ரி விளங்கப்படுத்த ரெண்டு நிமிசம் போச்சு.

பிறகு அவ நான் சொன்னதையெல்லாம் அண்ணைக்குத் தமிழிலை சொன்னா. "தங்கச்சி விளையாடேல்லையாம். வாங்கிலைதான் குந்தியிருந்தவவாம்."

அண்ணை துள்ளி எழும்பினார். "வாங்கிலையோ! அடி, வாங்கெண்டு எழுதியிருக்கலாமேயடி!"

அந்த ஆம்பிளை பயந்துபோனார். "என்ன சொல்லுறார்?" எண்டு கேட்டார். எமில்டா அன்ரி அனுமதி கேட்டிட்டுச் சொன்னா, பெஞ்சுக்கும், குந்துற நீட்டுப் பலகையான வாங்குக்கும் இங்கிலிசிலை ஒரு சொல்லுத்தான், யாழ்ப்பாணத்திலை வேறை வேறை எண்டு.

"அங்கத்தைக் கோட்டிலை பெஞ்சிலை இருக்கிறது ஆர்?"

"நீதவான்."

"அந்த மற்றச் சொல்லு... வாங்கு? அதிலை?"

"சாட்சிக்காரர். கள்ளர். காத்துக்கொண்டிருக்கிற சனம்."

என்ரை நவம்பர்க் காயிதத்தை எடுத்து, அந்தச் சொல்லை விரலாலை காட்டச் சொன்னார். காட்டினன். உங்கடை சத்தியக் கடதாசியை வாசிச்சார். முத்திரையைப் பாக்கத் தாளைத் தலைகீழாத் திருப்பினார். அண்ணை எயாப்போட்டிலை சொன்னது பொய்யில்லை, விளக்கப்பிழை எண்டு எழுதிப்போட்டு, பிறகுதான் அண்ணையின்ரை காதைப் பற்றிக் கேட்டினம். அண்ணை எல்லாம் சொன்னவர். எங்கை அடிச்சவையெண்டும் சொன்னவர். அதை நான் எழுதேல்லை, அவர் எழுதட்டும். கால் மணித்தியாலம் வெளியிலை போயிருந்திட்டு வந்து, ஏற்றுக்கொள்ளுறம் எண்டிச்சினம்.

அம்மா முழங்காலை மறந்து ஓடி வந்தவ. அண்ணை இப்ப என்னோடை மெத்தை ஏத்த வாறார். பிடிக்கத் தெரியேல்லை, ஆனால் வாய் நல்லா ஓடுது.

கொள்ளுப்பிட்டிச் சட்டத்தரணிக்கு நீங்களே சொல்லுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் வாறாரெண்டால் ஆளைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி வெளியிலை போங்கோ பெரியப்பா. பின்னேரம் நடவுங்கோ. நீக்கிலாப்பிள்ளை அங்கிளின்ரை கடைக்குப் போய் இந்தக் காயிதத்தைச் சத்தமா வாசியுங்கோ. ரெண்டு பேர் சத்தியம் வாங்கி, ஒரு முழுநாள் இருந்து பாத்திட்டினம். நீங்கள் சரியாத்தான் மொழிபெயர்த்தனீங்கள். பிழை மூலத்திலை.

சாம்பவி